பொங்கியண்ணன் தலையில் குடியிருந்தவை

கவுந்தப்பாடி நிறுத்தத்தில் அந்தப் பேருந்து நாற்பத்தோரு நிமிடம் நகராமல் நின்றதற்குக் காரணம் பதினொரு மொட்டைத் தலைகள்.

ஈரோட்டிலிருந்து சத்தியமங்கலம் போகிற வண்டி அது. ஓட்டுநர் கிடையாது. பேருந்துகள் தம்மைத் தாமே ஓட்டிக்கொள்ளத் தொடங்கிப் பதினெட்டு வருடமாகியிருந்தது. ஆனால் நடத்துநர்கள் இருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் அந்தக் காலத்தில் நடத்திய போராட்டத்தின் பலனாக, மனித வாயால் ஊதப்பட்ட விசில் சத்தம் கேட்டால்தான் வண்டி நகர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. பொங்கியண்ணன் ஊதினால் வண்டி போகும். அன்றைக்கு அவன் ஊதவில்லை.

“நடத்துநரின் விசிலுக்காகக் காத்திருக்கிறேன். பொறுமைக்கு நன்றி” என்று அரை நிமிடத்துக்கு ஒரு தடவை வண்டி சொல்லிக்கொண்டிருந்தது.

பொங்கியண்ணன் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தான். வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. அந்தக் கை வெளியே வந்துவிடாதபடி இடது கை அதன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. மூக்குக் கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு, “சத்தியமங்கலம், அரியப்பம்பாளையம், கோபி, கவுந்தப்பாடி, சித்தோடு, ஈரோடு” என்று ஊர்களைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இப்படி ஏழு தடவை சொல்ல வேண்டும். நடுவில் யாராவது குறுக்கே பேசினால் முதலிலிருந்து.

“ஏனுங் கண்டக்டர், உடம்புக்கு முடியலீங்களா?” என்று ஒரு பெரியவர் அன்போடு கேட்டார். ஐந்தாவது தடவையில் இருந்த பொங்கியண்ணன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். அந்தப் பெரியவர் நல்ல மனிதர். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே இருந்தார்.

விஷயம் இதுதான். மொட்டைத் தலையைப் பார்த்தால், ‘இதில் பளாரென்று ஒரு அடி வைத்தால் எப்படி இருக்கும்?’ என்று அவனுக்குத் தோன்றும். அடிக்க ஆசையில்லை. பிறந்ததிலிருந்து அவன் யாரையும் அடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியபோதுகூட, அடித்தவனுக்குக் கை வலிக்குமே என்று வருத்தப்பட்டவன். அப்படிப்பட்டவனுக்கு ஏன் இப்படித் தோன்றுகிறது? ஒருவேளை உள்ளுக்குள் தான் வேறு மாதிரி ஆளோ? இந்தக் கேள்விதான் அவனைத் தின்றது. ஊர்களை ஏழு தடவை சொன்னால் கொஞ்சம் அடங்கும். அடுத்த தலையைப் பார்க்கும்வரை.

நான்கு வருடமாக இப்படித்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு வண்டிக்கு ஒன்றிரண்டு வழுக்கை இருக்கும். அவர்களுக்கு மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சீட்டுக் கொடுத்துவிடுவான். அன்றைக்குப் பழனியில் முடியிறக்கிவிட்டு வந்த ஒரு குடும்பமே ஏறிவிட்டது. காய்ந்த சந்தனத்தோடு, மூன்று வரிசையில், பதினொன்று.

தாமதத்துக்கு அவன் எழுதிக் கொடுத்த விளக்கத்துக்குப் பதிலாக, மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ‘தலை சம்பந்தப்பட்ட தங்கள் குறைபாட்டை மூன்று மாதத்துக்குள் சரிசெய்துகொள்ளத் தவறினால் பணியிலிருந்து விடுவிக்கப்படுவீர்கள்.’

அன்று சாயங்காலம்தான் மனைவி வேதநாயகியிடம் அவன் முதல் முறையாக விஷயத்தைச் சொன்னான். அவள் மஞ்சள் கிடங்கு ஒன்றில் தரம் பார்க்கிறவள். ஏழு மாதக் கைக்குழந்தைக்காக விடுப்பில் இருந்தாள். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துப் பார்த்தால் அவன் முகம் அப்படியே இருந்தது.

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“நாலு வருசமா வேதா.”

“நாலு வருசமா? என்றகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?”

“சொன்னா, கை ஓங்கறவன்னு நெனச்சுக்குவியோன்னு…”

“நீங்களா? கோழிக் கறி வாங்கப் போயிட்டுக் கீரையோட வந்தவரு நீங்க.”

மறுநாள் இருவரும் பெருந்துறை சாலையில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எண்ணப் பெயர்ப்பு நிலையத்துக்குப் போனார்கள். நிலையத்தை நடத்தியவள் ஷம்ஷாத். நாற்பத்தைந்து வயதிருக்கும். இயந்திரம் பார்ப்பதற்கு இரண்டு இட்லிக் குண்டான்களைக் கவிழ்த்து நடுவில் ஒரு குழாய் மாட்டியது மாதிரி இருந்தது. வேண்டாத எண்ணம் உள்ளவர் தலையில் ஒரு குண்டான். வாங்கிக்கொள்கிறவர் தலையில் இன்னொன்று.

“வாங்கிக்கறவரா? அழிச்சர முடியாதுங்களா?” என்றான் பொங்கியண்ணன்.

“அழிக்கலாம் தம்பி. பக்கத்துல இருக்கறதும் சேர்ந்து அழியுது. மொதல்ல ஒருத்தருக்கு அப்படிப் பண்ணுனாங்க. அவரு சம்சாரத்தையே மறந்துட்டாரு.”

“அய்யோ, அப்பறம்?”

“அவரு சந்தோசமாத்தான் இருந்தாரு. அந்தம்மாதான் கேஸ் போட்டுச்சு. அதுக்கப்பறம் அழிக்கறதத் தட பண்ணீட்டாங்க. இப்ப எடம் மாத்தறது மட்டும்தான். சம்மதிக்கற ஒரு தலை வேணும். யாரு வாங்கிக்கறீங்க?”

“நாந்தான்” என்று வேதநாயகி கொண்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு காபி ஆறுகிற நேரத்தில் வேலை முடிந்தது. பொங்கியண்ணன் மொட்டைத் தலைகளை நினைத்துப் பார்த்தான். தலைகள் வந்தன. அவ்வளவுதான். வெறும் தலைகள்.

படியிறங்கி வந்தபோது சேலைக் கடையில் கல்லாவில் இருந்தவர் நல்ல வழுக்கை. வேதநாயகி அவன் முழங்கையைப் பிடித்தாள்.

“வந்துருச்சுங்க!”

“அய்யய்யோ! கையப் பைக்குள்ள வையி! ஊரு பேரச் சொல்லு! சத்தியமங்கலம், அரியப்ப—”

“இருங்க. போயிருச்சு.”

“போயிருச்சா? என்ன பண்ணுன?”

“ஒண்ணும் பண்ணல. அடிச்சா நல்லாச் சத்தம் வரும்னு நெனச்சேன். அதுக்குள்ள அங்க ஒரு பச்சச் சேல கண்ணுல பட்டுச்சு.”

நான்கு வருடமாக அவனைப் படுத்தி எடுத்தது அவளிடம் நான்கு நொடி நிற்கவில்லை. பொங்கியண்ணனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

ஒன்பது நாள் நிம்மதி. வண்டி நேரத்துக்குப் போனது. வழுக்கைக்காரர்களைத் தேடித் தேடிச் சீட்டுக் கொடுத்தான். பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை, பவானி கோயிலில் தீபாராதனை காட்டும்போது, மணியெல்லாம் அடங்கிய அந்தக் கணத்தில், ‘இப்போது ஒரு கெட்ட வார்த்தையை உரக்கக் கத்திவிட்டால்?’ என்று தோன்றியது. வார்த்தையும் கூடவே வந்தது. தண்ணீர் லாரி வரிசையில் மட்டும் கேட்கக்கூடிய வார்த்தை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தான். பக்தி முற்றிவிட்டது என்று பக்கத்திலிருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

இந்த எண்ணத்தை அவன் மாமனார் செங்கோடன் வாங்கிக்கொண்டார். அவர்கள் வீட்டிலேயே இருந்தவர். லாரி வைத்து வட இந்தியா முழுக்கச் சுற்றியவர். “மூணு மொழில கெட்ட வார்த்த தெரியும் எனக்கு. நாலாவதா இதுவும் கெடக்கட்டும்” என்று குண்டானை மாட்டிக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தவரைப் பொங்கியண்ணன் வாசலிலேயே மடக்கினான்.

“வந்துதுங்களா மாமா?”

“வந்துச்சு மாப்ளே.”

“என்ன பண்ணுனீங்க?”

“சாமிக்குத் தெரியாத வார்த்தையா? நீயும் கேட்டுக்க தாயின்னு துன்னூறு வாங்கீட்டு வந்துட்டேன்.”

அடுத்தது இன்னும் மோசம். கடைசிப் பயணி இறங்கி முடித்த பிறகுதான் விசில் ஊதினோமா, கால் படியில் இருக்கும்போதே ஊதிவிட்டோமா என்ற சந்தேகம். வேலை முடிந்ததும் வேறு வண்டி பிடித்து ஒவ்வொரு நிறுத்தமாகப் போய், யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவான். திரும்பி வந்ததும், சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி போவான். எதிர்வீட்டு ஓவிய ஆசிரியர் இரக்கப்பட்டு அதை வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து மின்தூக்கியில் பார்த்தபோது, “உங்க எண்ணம் நேத்து வந்துதுங்க கண்டக்டரே. நின்னு பாத்துது. நான் ஒரு மாம்பழம் வரைஞ்சுட்டு இருந்தேன், சொல்லாமக் கொள்ளாமப் போயிருச்சு” என்றார்.

நான்காவது எண்ணம் வந்தபோது ஷம்ஷாத் குண்டானை எடுக்கவே இல்லை. அன்றைக்குக் குடும்பமே வந்திருந்தது. செங்கோடன் மடியில் குழந்தை நறுமுகை உட்கார்ந்து, அவர் மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, எனக்கு வேல வேணுந்தான். ஆனா மனசு கேக்கல. ஒரு குடித்தனத்தக் காலி பண்ணுனா அடுத்த குடித்தனம் வந்துருது. நீங்க கவனிச்சீங்களா?”

“கவனிச்சனுங்க அக்கா. என்ற தல அப்படி.”

“உங்க எண்ணத்த வாங்கிக்கிட்ட மூணு பேரும் எப்படி இருக்காங்க?”

“நல்லாத்தான் இருக்காங்க.”

“அப்ப எண்ணத்துல என்ன கோளாறு? கிறுக்கு எண்ணம் எல்லார் வீட்டு வாசலுக்கும் வருது தம்பி. அவங்க நிமிந்து பாத்துட்டுச் சோலியப் பாக்கறாங்க. நீங்க மட்டும் கூப்புட்டு உக்கார வெச்சு, நீ யாரு, எதுக்கு வந்த, நான் கெட்டவனான்னு வெசாரிக்கறீங்க. அது எப்படி எந்திரிச்சுப் போகும்?” அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். கோடுகளும் புள்ளிகளுமாக இருந்தது. “இது உங்க தல. இதுவரைக்கும் நாம மாத்துனதெல்லாம் இங்க ஓரத்துல இருந்ததுங்க. நடுவுல பெருசா ஒண்ணு உக்காந்துருக்குது பாருங்க. வந்து எட்டு மாசமாச்சு. அத நீங்க கொண்டாரவே இல்ல.”

பொங்கியண்ணன் முகம் வெளுத்தது.

“எட்டு மாசமா?” என்றாள் வேதநாயகி. அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“எட்டு மாசமா நீங்க அவளத் தூக்குனதே இல்ல” என்றாள். குரல் மாறியிருந்தது. “முதுகு வலிம்பீங்க. கையெல்லாம் அழுக்கும்பீங்க. பால்கனிக்கு நான் அவள எடுத்துட்டு வந்தா நீங்க உள்ள போயிருவீங்க. பொட்டப் புள்ளைன்னுதான் தொடமாட்டீங்கறீங்கன்னு எங்கப்பாகிட்டச் சொல்லி அழுதனுங்க. தை பொறந்தா ஊருக்கே போயர்லாம்னு பேசி வெச்சிருக்கறோம். தெரியுங்களா உங்களுக்கு?”

செங்கோடன் மீசையைக் குழந்தையிடமிருந்து விடுவித்துக்கொண்டு, ஆமாம் என்பது போலத் தலையசைத்தார்.

“அதில்ல வேதா.”

“பின்ன என்ன?”

அவன் வலது கை தானாகப் பைக்குள் போனது. உதடு அசையத் தொடங்கியது. ஷம்ஷாத் மெதுவாக, “ஊரு பேரு வேண்டாம் தம்பி. சொல்லீருங்க” என்றாள்.

“நாம இருக்கறது நாலாவது மாடி” என்றான் பொங்கியண்ணன். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “ஆஸ்பத்திரில இருந்து அவளக் கூட்டீட்டு வந்த அன்னிக்கு, பால்கனில நின்னு அவ மொகத்தப் பாத்தேன். நெம்ப சந்தோசமா இருந்துச்சு. அப்பத்தான் தோணுச்சு. இப்பக் கைய விட்டுட்டா என்ன ஆகும்னு. நானே விட்டுருவனோன்னு. அன்னிக்கு அவள உன்ற கைல குடுத்தவன்தான். பெத்த புள்ளையப் பாத்து இப்படித் தோணறவன் மனுசனே இல்ல. அதுதான் தொடல. நான் தொடாம இருந்தா அவ பத்தரமா இருப்பா.”

வேதநாயகி கையை நீட்டிக் குண்டானை எடுத்தாள்.

“எனக்குக் குடுங்க.”

“வேண்டாம்!” என்று அவன் பதறி எழுந்தான். “மொட்ட மண்ட வெளையாட்டில்ல இது. தெனமும் அவளத் தூக்கறவ நீ. இது உன்ற தலைக்கு வந்தா அவளுக்கு யாரு இருக்கறா? அக்கா, கொழந்த இல்லாத, மாடி இல்லாத யாராச்சும் ஒருத்தரு… ஒரு ஒத்த ஆளு, தரைல குடியிருக்கறவரு…”

“அவருக்கு அண்ணன் புள்ள வந்தா?” என்றாள் ஷம்ஷாத்.

“அப்ப யாருக்கும் வேண்டாம். என்றகிட்டயே இருக்கட்டும்.”

“உக்காருங்க” என்றாள் வேதநாயகி. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்தக் குரலை அவன் இரண்டு முறைதான் கேட்டிருந்தான். உட்கார்ந்துவிட்டான். அவள் தன் தலையில் ஒன்றை மாட்டிக்கொண்டு, அவன் தலையில் இன்னொன்றை அழுத்தினாள். ஷம்ஷாத் பொத்தானைத் தொட்டாள்.

இயந்திரம் இருமியது. அதுவரை கேட்காத ஒரு மணி அடித்தது. ஷம்ஷாத் திரையைப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு உரக்கப் படித்தாள்.

“‘இந்த எண்ணத்தைப் பெயர்க்க இயலாது. பெறுபவரிடம் இது முன்பே உள்ளது.’”

பொங்கியண்ணன் குண்டானோடு திரும்பி மனைவியைப் பார்த்தான்.

“ஓ, அதுவா?” என்றாள் வேதநாயகி. “தெனமும் வருமே.”

“என்ன?”

“பால்கனில நிக்கறப்ப வரும். இப்பப் போட்டுட்டா என்ன ஆகும்னு திக்குங்கும்.”

“உனக்கா? அப்ப நீ என்ன பண்ணுவ?”

“என்னத்தப் பண்றது? அவள இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சுக்கிட்டுத் துணியக் காயப்போடுவேன்.”

“எங்கிட்டச் சொல்லவே இல்ல!”

“இதெல்லாம் ஒரு சேதின்னு சொல்வாங்களா?”

பொங்கியண்ணனால் நம்ப முடியவில்லை. இயந்திரம் பழுது என்றான். அதைச் சோதிக்கச் செங்கோடன் தலையில் மாட்டினார்கள். அதே மணி, அதே வரி. “இவ சின்னவளா இருக்கறப்பக் கெணத்து மேட்டுல தூக்கிட்டு நிப்பேன், அப்பல்லாம் வரும்” என்று அவர் மகளைக் காட்டினார். வேதநாயகி அப்பாவை ஒரு மாதிரி பார்த்தாள். கடைசியில் ஷம்ஷாத் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டாள். மறுபடியும் மணி.

“என்ற பையனுக்கு இருபது வயசாகுது, என்னைய விட ஒரு அடி ஒசரம்” என்றாள் அவள் குண்டானைக் கழற்றிக்கொண்டே. “அவன் மொட்ட மாடில நின்னு போன் பேசுனா எனக்கு இன்னமும் வருது. இனி அவந்தான் என்னையத் தூக்கணும், நான் எங்க அவனத் தூக்கிப் போடறது? எண்ணத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது தம்பி.”

பொங்கியண்ணன் அழுதான். எட்டு மாதத்து அழுகை. குழந்தை முதல் முறையாக அப்பா அழுவதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள்.

ஷம்ஷாத் அவனை ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினாள். மொட்டைத் தலை மாதிரியான எண்ணங்களை இடம் மாற்றியதெல்லாம் சரி, இனிமேல் மாற்றக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார் மருத்துவர். அவர் கொடுத்தது ஒரு மாத்திரையும், மாத்திரையை விடக் கசப்பான ஒரு பயிற்சியும். எண்ணம் வந்தால் வரட்டும். ஊர்ப் பெயர் சொல்லக் கூடாது. கையைப் பைக்குள் விடக் கூடாது. ‘ஒன்றும் ஆகாதில்லையா’ என்று யாரையும் கேட்கக் கூடாது. கேட்டால் வீட்டார் பதில் சொல்லக் கூடாது. பயம் தானாக ஏறி, தானாக இறங்கும்வரை அப்படியே நிற்க வேண்டும்.

முதல் நாள் அவன் தரையில் பாய் விரித்து, பாயில் உட்கார்ந்து, மடியில் குழந்தையை இரண்டு நிமிடம் வைத்திருந்தான். சட்டை முழுக்க வியர்வை. மூன்றாவது வாரம் நின்றுகொண்டு தூக்கினான். ஒரு நாள் முடியவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஈரோடு வரைக்கும் ஏழு தடவை போய்விட்டு வந்தான். மறுநாள் பாயிலிருந்து மறுபடி தொடங்கினான். வேலைக்கான கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது மருத்துவர் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். பேருந்தில் ஒன்றும் தொந்தரவில்லை. ஆனால் பால்கனி பாக்கியிருந்தது.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. மழை விட்டு வெயில் வந்திருந்தது. கீழே சாலையில் மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரிகள் நின்றன. வேதநாயகி குழந்தையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் பால்கனிக்குள் ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி. கம்பி இடுப்பில் பட்டது.

எண்ணம் வந்தது. பழைய பலத்தோடு, சொல்லி வைத்தாற்போல வந்தது. காது அடைத்தது.

“வேதா, ஒண்ணும் ஆகாதில்ல?”

“தெரியலீங்க” என்றாள் அவள்.

“வேதா!”

“டாக்டரு சொல்லக் கூடாதுன்ட்டாருங்க. அடுப்புல பருப்பு இருக்குது.” அவள் உள்ளே போய்விட்டாள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனாள். கதவுக்குப் பின்னால் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது அவனுக்குத் தெரியாது. பருப்பு அடிப்பிடித்தது.

பொங்கியண்ணன் நின்றான். கைவிட்டால் என்ற எண்ணம் பக்கத்தில் நின்றது. அவன் அதை எதுவும் கேட்கவில்லை. அதுவும் போகவில்லை. அவனும் அதுவும் குழந்தையும் சேர்ந்து லாரிகளை வேடிக்கை பார்த்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சு ஒரு நிலைக்கு வந்தபோது குழந்தையின் தலையில் தேங்காய் எண்ணெய் வாசம் அடிப்பதை அவன் கவனித்தான். எட்டு மாதம், அதற்கு மேல் மூன்று மாதம், இந்த வாசம் இங்கேயேதான் இருந்திருக்கிறது.

அப்போது நறுமுகை கையை நீட்டி, அப்பாவின் மூக்குக் கண்ணாடியை லாவகமாகக் கழற்றி, ஒரு தடவை சுவைத்துப் பார்த்துவிட்டு, கம்பிக்கு வெளியே போட்டாள்.

பதினொரு மாதத்தில் ஆயிரம் விதமாக யோசித்திருந்த பொங்கியண்ணனுக்கு இப்படி ஒன்று தோன்றியதே இல்லை. நான்கு மாடி தாண்டிக் கண்ணாடி கீழே போவதை அவனால் பார்க்கக்கூட முடியவில்லை. மஞ்சள் மூட்டை மேல் பொத்தென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

“யாருதுங்க இந்தக் கண்ணாடி?” என்று கீழேயிருந்து ஒருவர் கத்தினார். “உடையலீங்க!”

“என்றதுதானுங்க!” என்று பொங்கியண்ணன் கத்தினான்.

“எந்த வீடுங்க? சித்தெக் கையக் காட்டுங்க!”

“முடியாதுங்க!” என்றான் அவன். “ரெண்டு கைலயும் புள்ள இருக்குது!”